பார்க்க வருபவரும் பார்க்கப் போகாதவரும்

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் ‘பாதை’யில் கடந்துகொண்டிருந்தபோது, எம்மோடு வந்த பத்து வயதுப் பிள்ளையொன்று இரு கரைகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இது என்ன ஆறு, பாதர்?” என்று கேட்டது. கிளிநொச்சியில் பிறந்து, இரணைமடுவையும் கனகராயன் ஆற்றையும் கண்டு வளர்ந்த பிள்ளை. ஒடுங்கிய நீர், அக்கரையில் ஒரு சிறு பட்டினம், இக்கரையில் பனைமரங்கள், நடுவே ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை. ஆறென்று அது எண்ணியதில் தவறில்லை. இது கடல் என்றும், இந்தக் கடலுக்கு அப்பால்தான் உன் பாட்டியின் ஊர் என்றும் சொன்னோம். யாழ்ப்பாணத்தில் பெயர் சொல்ல ஓர் ஆறு உண்டென்றால் அது வழுக்கையாறு ஒன்றுதான். மாரியில் ஓடி அராலிப் பக்கமாகக் கடலில் விழும். கோடையில் அதற்குள் மாடு மேயும்.

தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியிலேயே தங்கிவிட்ட சில குடும்பங்களை, தத்தம் காணிகளைக் கண்டு வருவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் சென்றோம். பொன்னாலைப் பாலம் வழியாகக் காரைநகர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து பாதையில் கடப்பது என்றும், பஸ் யாழ்ப்பாண நகரைச் சுற்றி வந்து மறுகரையில் எம்மை ஏற்றுவது என்றும் ஏற்பாடு. பண்ணை வழியாகவே போயிருக்கலாம். ஆனால் முதியவர்கள், “பாதையில்தான் போகவேணும், அப்பிடித்தான் நாங்கள் போய் வந்தனாங்கள்” என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள்.

நாம் மட்டுமே அன்றைக்குத் தீவகத்துக்குப் போகிறோம் என்று நினைத்திருந்தோம். காரைநகரை அடைந்தபோதே அந்த நினைப்புக் கலைந்தது. கசூரினாக் கடற்கரைக்குப் போகும் வீதியில் வான்கள் வரிசையாக நின்றன. நெடுந்தூரம் இடுப்பளவுக்கு மேல் ஆழமில்லாத கடலாகையால் பிள்ளை குட்டிகளோடு வந்து நீராடுவதற்கு அதைப்போல் ஓரிடம் வடக்கில் இல்லை என்பது உண்மைதான். வேலணையின் சாட்டிக் கடற்கரையிலும் அதே கூட்டம். புங்குடுதீவின் தொங்கலில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்குச் செல்ல யாத்திரிகர் காத்து நிற்கின்றனர்: நாகபூஷணி அம்மனுக்கு ஒரு சாரார், நாகதீப விகாரைக்கு ஒரு சாரார். இன்னொரு படகு நெடுந்தீவுக்கு. அங்கே குதிரைகள், பெருக்குமரம், பவளக்கல் மதில்கள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடுகள். 1992 ஆகஸ்ட் 8இல் கண்ணிவெடியில் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ உள்ளிட்ட படை அதிகாரிகள் இறந்த அராலித்துறை முனையும் தெற்கிலிருந்து வருவோர் இறங்கிப் பார்க்கும் இடமாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவே ஊர்காவற்றுறைப் பட்டினம் இருக்கின்றது: ஒரு கடைத்தெரு, சில அரச அலுவலகங்கள், கோயில்கள், பள்ளிகள், பூட்டிய வீடுகள்.

பாதையில் வரும்போது எல்லோர் கண்ணும் போகும் இடம் கடற்கோட்டை. நீரின் நடுவே எட்டுப்பட்டையாக நிற்கும் அக்கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, இலங்கையைப் பன்றித்தொடையாகக் கற்பனை செய்து, இது அதன் குதி என்ற பொருளில் ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர். (தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயரை வைத்தவர்களும் அவர்களே. வேலணைத்தீவு லைடன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம். டெல்ஃப்ற் என்ற ஒரு பெயர்தான் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.) பின்னர் அது சிறைச்சாலையாயிற்று, 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட சிங்கள இளைஞர்களும் அங்கே அடைக்கப்பட்டார்கள். இன்று கடற்படை அதனைத் தங்குவிடுதியாக நடத்துகின்றது. கைதிகள் இருந்த அறைகளில் உல்லாசப் பயணிகள் உறங்குகிறார்கள்.

அந்தக் கோட்டையைப் பற்றி நாம் எம்மவர்க்குச் சொன்னது வேறொரு செய்தி. 1658 முற்றுகையில் அங்கிருந்த போர்த்துக்கேயர் சரணடைந்தது குடிநீர் இல்லாமற் போனதனாலேயே. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் இல்லை. தீவகத்து விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. எம்மோடு வந்த முதியவர் ஒருவர், “அப்ப அவங்களும் எங்களைப்போலதான்” என்று மட்டும் சொன்னார்.

ஊர்காவற்றுறையில் பஸ் ஏறினோம். ஐரோப்பியர் இந்த ஊருக்குத் துறை என்று பொருள்படும் ‘கைஸ்’ என்ற போர்த்துக்கேயச் சொல்லையே பெயராக்கினர்; யானைகளைக் கப்பலேற்றிய துறையாதலால் யானைத்துறை என்றும் வழங்கினர். அடுத்த ஊர் கரம்பொன். தனிநாயகம் அடிகளார் 1913 ஆகஸ்ட் 2இல் பிறந்த ஊர். தமிழ் ஆய்வை உலகமெங்கும் கொண்டுசென்ற ஒரு குருவானவரின் ஊர் இதுவென்று வான்களில் வருவோர்க்கு யார் சொல்கிறார்கள்? கடற்கரை எத்திசையில் என்றுதான் கைகாட்டிப் பலகைகள் காட்டுகின்றன.

வேலணையில் ஓர் ஆச்சியின் காணியைத் தேடினோம். 1991 ஒக்ரோபரில் படையினர் தீவகத்தினுள் முன்னேறியபோது, கையில் ஒரு பையோடு வெளியேறியவர் அவர். முதலில் யாழ்ப்பாண நகரில் ஒரு பள்ளிக்கூடம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே வெளியேறியபோது அவரும் அந்தப் பெருங்கூட்டத்தில் சாவகச்சேரிக்கு நடந்தார். பிறகு வன்னி. அதன் பின் 2009. இவ்வளவுக்கும் இடையில் அவர் தம் வளவை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இப்போது வேலி இல்லை, கதியால் இல்லை, வடலிகள் மண்டிக் கிடக்கின்றன. பூவரசு ஒன்றையும் கிணற்றுக்கட்டையும் வைத்து அவர் இடத்தை அடையாளம் கண்டார். ஆறு பரப்பு. ஒரு பக்கத்தில் வீடு, மறுபக்கத்தில் புகையிலைத் தோட்டம் இருந்ததாம்.

அந்த வீட்டு முற்றத்தில் எமக்கு முன்பே நாலைந்து இளைஞர் நின்றார்கள். கெட்டவர்கள் அல்லர், சாட்டிக்குப் போகிற வழியில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூரையில்லாத சுவரில் ஆலமரம் வேர்விட்டிருந்தது படத்துக்கு அழகாகத்தான் இருந்திருக்கும். ஒருவர் ஆச்சியைப் பார்த்து, “அம்மா, கொஞ்சம் அந்தக் கதவடியில நில்லுங்கோ” என்று கேட்டார். ஆச்சி போய் நின்றார். படம் எடுத்து முடிந்ததும், “தம்பி, இது என்ரை வீடு” என்றார். அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது அந்த முற்றத்தில்தான் எமக்குத் தெளிவாயிற்று. தீவகத்தின் அமைதி என்றும், ஆளரவமற்ற அழகு என்றும் புகழப்படுவதில் ஒரு பகுதி கடவுள் படைத்தது. இன்னொரு பகுதி நாம் இல்லாததால் ஏற்பட்டது. ஆட்களற்ற வீதி, காடான வளவு, பாழடைந்த வீடு ஆகியவை இயற்கைக் காட்சிகள் அல்ல. 1990 ஆகஸ்டில் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மண்கும்பான் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களும் போகவேண்டியதாயிற்று. அதையும் நாம் மறக்கலாகாது. 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டித் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்தன. அம்மாதம் 20ஆந் திகதி அவ்வூர்ப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் தம்முடன் சென்றவரோடு காணாமற் போனார். கடற்கரைக்குப் போகும் வீதியும் இதே வீதிதான்.

வருகிறவர்களைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. அவர்கள் வந்து பார்க்கிறார்கள். நாம்தான் போய்ப் பார்க்கவில்லை. எம்மோடு வந்த குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பதினைந்து ஆண்டுகளில் முதன்முறையாக அன்றுதான் தம் காணியில் கால் வைத்தார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை, வயலைவிட்டு வர நாளில்லை, போய்ப் பார்த்தால் மனம் உடைந்துவிடும் என்ற பயம் என எல்லாக் காரணங்களும் நியாயமானவையே. ஆனால் தரகருக்கு இக்கஷ்டங்கள் ஒன்றுமில்லை. அவர் வந்து பார்க்கிறார், அளக்கிறார், யாருடைய பிள்ளை கனடாவில், யாருடைய பிள்ளை பிரான்சில் என்று விசாரிக்கிறார். கடற்கரை ஓரக் காணிக்கு விடுதி கட்ட ஆட்கள் தேடுகிறார்கள் என்ற கதை வன்னியிலுள்ள எம் குடும்பங்களின் வாசல்வரை வந்துவிட்டது. ஆச்சியின் மகனுக்கும் வெளிநாட்டில் ஒரு தொலைபேசி அழைப்புப் போயிருக்கின்றது. “கிடந்து பத்தைதானே பிடிக்குது அம்மா, வித்துவிடுவம்” என்கிறாராம் அவர்.

சட்டத்தில் இரண்டு விடயங்களை எமது வாசகர்கள் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, தனியார் காணியொன்றை வேறொருவர் உரிமையாளருக்கு எதிராகப் பத்தாண்டுகள் இடையூறின்றி ஆண்டு அனுபவித்தால் ஆட்சியுரிமை கோரலாம். போரினால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு இதனால் அநீதி நேரக்கூடாதென்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அதில் கருதப்படுகின்றது. அதற்குப் பிந்திய ஆண்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2009க்குப் பின் எத்தனை ஆண்டுகள் போய்விட்டன என்பதை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டாவது, தேசவழமையின்படி பங்குக் காணியை விற்க முன்வருபவர் முதலில் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் முன்கொள்வனவுச் சட்டம் இதை வரையறுக்கின்றது. அவசரப்படுத்துகிற தரகரிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொன்னாலே போதும், அவருடைய வேகம் குறைவதை நாம் கண்டிருக்கிறோம்.

இனித் தண்ணீருக்கு வருவோம். காணியை வைத்திருந்தும் கிணறு உவர்த்துவிட்டால் யாருக்கு என்ன பயன்? தீவகத்தில் நதியுமில்லை, பெருங்குளமுமில்லை. மழைநீர் மணலிலும் சுண்ணாம்புக் கல்லிலும் ஊறிக் கீழிருக்கும் கடல்நீரின் மேல், பாலின் மேல் ஆடைபோல, மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் நூல்களின் கணக்கு. மறுபுறமாகப் பாருங்கள்: மேலே ஓரடியை இறைத்துத் தாழ்த்தினால் கீழிருந்து உவர் நாற்பதடி ஏறி வரும். எம் முன்னோர் இந்தக் கணக்கைப் படிக்கவில்லை. துலாவால் இறைத்தார்கள், கை நோகும்போது நிறுத்தினார்கள், கிணறு ஊறியது. மண்கும்பான், அல்லைப்பிட்டி மணற்றிட்டிகளை அள்ளி விற்பது பாவம் என்று நாம் சொல்வதும் இதனாலேதான். அந்த மணல்தான் எமது நீர்த்தொட்டி.

இவ்விடயத்தில் நாமும் குற்றவாளிகள். சில ஆண்டுகளுக்கு முன், தீவகத்துக் கிராமமொன்றில், நாம் சார்ந்த நிறுவனமே வருவோர் தங்குவதற்கென்று சிறு ஓய்வகம் ஒன்றைக் கட்டியது. திரும்பி வந்த குடும்பங்களின் பெண்களுக்குச் சமையல் வேலை கிடைக்கும் என்ற நல்லெண்ணம். திட்ட அறிக்கையும் நாமே எழுதினோம். கிணற்றில் மோட்டார் பூட்டினோம், குளிப்பறைகளுக்குக் குழாய் போட்டோம். கடலில் குளித்துவிட்டு வருகிறவர் உப்புப் போக நன்னீரில் மறுபடி குளிப்பார் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாவது கோடையில் பக்கத்து வளவுக் கிணறு உவர்த்தது. அந்த வீட்டுக்காரர் மிளகாய்க்கன்று நாட்டிருந்தார். எம்மிடம் வந்து சண்டை பிடிக்கவில்லை. ஒரு செம்பில் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். மோட்டாரைக் கழற்றிவிட்டோம். ஆனாலும் அந்தக் கிணறு முன்புபோலத் திரும்பவில்லை.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குதிரைகளைப் படமெடுக்கிறார்கள். வரட்சிக் காலத்தில் அக்குதிரைகளே தண்ணீரின்றி இறந்ததுண்டு. அங்குள்ள பெண்கள் குடத்தோடு நடப்பது எந்தப் படத்திலும் வருவதில்லை. 2015இல் அத்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குதிரைக்குக் காவல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மாடு வைத்திருப்பவனுக்கு மேய்ச்சல்தரை எங்கே என்ற கேள்விக்கும் அதே அக்கறையோடு பதில் தேட வேண்டும் என்பதே எமது கருத்து.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த கதை என்று எவரும் எண்ண வேண்டாம். கிழக்கில் அறுகம்குடாவுக்குத் தெற்கே பாணமை என்ற ஊர். சிங்களமும் தமிழும் கலந்து பேசுகின்ற, சேனைப்பயிரும் மீன்பிடியும் செய்கின்ற மக்கள். அலைச்சறுக்கு விளையாட வருவோரும் குமண சரணாலயத்துக்குப் போவோரும் சூழ்ந்த கரையோரம். 2010 ஜூலை 17 இரவு ஆயுதந் தாங்கியவர்கள் வந்து குடிசைகளுக்குத் தீ வைத்து மக்களை விரட்டினர். அதன்பின் அக்காணிகள் படையினரின் வேலிக்குள் போயின. ஒரு பகுதியில் கடற்படையின் உல்லாச விடுதி எழுந்தது. அம்மக்கள் கலையவில்லை. உறுதியோ அனுமதிப்பத்திரமோ எது இருந்ததோ அதைச் சேர்த்தார்கள், நீதிமன்றம் போனார்கள், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போனார்கள், கொழும்பு வீதியில் நின்றார்கள். 2015 பெப்ரவரியில் 365 ஏக்கரில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. 2016 மார்ச்சில் ராகம்வெல மக்கள் தாமாகவே தம் காணிக்குள் நடந்து போய்க் கொட்டில் போட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய சிக்கல்கள் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. ஆனால் தம் மண்ணில் நின்றுகொண்டு வாதாடுகிறார்கள்.

அப்படியானால் உல்லாசப் பயணம் வேண்டாமா? எம்மோடு வந்தவர்களில் ஓர் இளம் தகப்பன் இப்படித்தான் கேட்டார்: “பாதர், புகையிலை விலைப்படுறதில்லை. வாறவனுக்கு ஒரு சாப்பாடு வித்தாவது பிழைக்கலாம்தானே?” பிழைக்கலாம். குறிகட்டுவானில் படகோட்டுகிறவன் வீட்டில் அடுப்பெரிகிறது. ஒடியல் கூழும் நண்டுக்கறியும் கேட்டுத் தேடி வருகிறார்கள். பனாட்டும் புழுக்கொடியலும் பன்னவேலைப் பெட்டிகளும் விலைப்படுகின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சமைத்து விற்பதற்குக் காணியை விற்கத் தேவையில்லை. காணியை விற்றவன் அதே காணியில் எழும் விடுதியில் தட்டுக் கழுவும் நிலை நீர்கொழும்பிலோ ஹிக்கடுவையிலோ மட்டும் நடக்கிற காரியமல்ல. கட்டாயம் காசு வேண்டுமென்றால் விற்காமல், பங்காளிகள் எல்லோரும் கையெழுத்து வைத்து, சில ஆண்டுகளுக்கு மட்டும் குத்தகைக்குக் கொடுக்கலாம். குத்தகை எழுதும்போது கிணற்றை எழுத மறக்கக்கூடாது: எத்தனை மணித்தியாலம் இறைக்கலாம், மழைநீர் சேர்க்கத் தொட்டி யார் கட்டுவது, அயல் கிணறு உவர்த்தால் யார் பொறுப்பு. இத்தகைய நிபந்தனைகளுக்கு ஒத்துவராத முதலாளி எமக்கு வேண்டியவரல்ல.

இவையெல்லாம் எளிதென்று நாம் பாசாங்கு செய்யவில்லை. பங்காளிகள் நாலு நாட்டில் இருக்கிறார்கள். சிலருடைய உறுதிகள் 1995இல் தென்மராட்சி வீதியிலும் 2009இல் முள்ளிவாய்க்கால் மணலிலும் போய்விட்டன. காணிப் பதிவகத்தில் பிரதி எடுப்பதற்கு எத்தனை முறை அலைய வேண்டும் என்பது எமக்குத் தெரியும். வன்னியில் இப்போதிருக்கிற வயலை விட்டுவிட்டுத் தீவகத்துக்குத் திரும்பிப் போங்கள் என்று சொல்ல எமக்கு அதிகாரமுமில்லை, மனமுமில்லை. பேரப்பிள்ளைகளுக்கு இரணைமடுத் தண்ணீர்தான் ஊர்த் தண்ணீர். திரும்புவதா இல்லையா என்பது அந்தந்தக் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு. பத்தைதானே பிடிக்கிறது என்று எவரோ சொன்னதைக் கேட்டு, காணியைப் பார்க்காமலே அந்த முடிவை எடுத்துவிடாதீர்கள் என்பதே எமது வேண்டுகோள்.

அன்று மாலை பண்ணைப் பாலத்தால் திரும்பினோம். ஆச்சி வழியெல்லாம் பேசவில்லை. கிளிநொச்சி நெருங்கும்போது, கிணறு இறைத்துத் துப்புரவாக்க எத்தனை ஆள் கூலி வரும் என்று கேட்டார். சொன்னோம். மகனிடம் கேட்கிறேன் என்றார். ஒரு மாதம் கழித்து அந்தக் காசு வந்தது. காணி விற்கும் பேச்சு இன்னும் நின்றபாடில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாரி தொடங்குமுன் அந்தக் கிணற்றை இறைக்கப் போகிறோம். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, நாரந்தனைப் பக்கத்தில் காணியுள்ளவர்கள் எம்மோடு வரலாம். பெயரை உங்கள் பங்குப் பணிமனையில் கொடுங்கள். உறுதியிருந்தால் அதன் பிரதி, இல்லையென்றால் எல்லைக் காணிக்காரரின் பெயர்கள், பற்றை வெட்ட ஒரு கத்தி, வேலியில் நட நாலு பூவரசங் கதியால், இவ்வளவும் போதும். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பாதையில்தான் போவோம்.